மாவிளக்கைத் தட்டையாகத் தட்டினால்

சொன்னால் நம்பமாட்டீர்கள், போன சித்திரையிலிருந்து எங்கள் வீட்டுக்குள் ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட நுழையவில்லை. நுழைந்தாலும் வைக்க இடமில்லை. சம்படம் நிறைய நான் செய்த பிஸ்கட்தான். மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது, பால் பவுடர் கிடையாது, சர்க்கரை கிடையாது. எல்லாவற்றையும் தூக்கி அடிக்கிற அதிசயம், அடுப்பே கிடையாது! ஓவன் வேண்டாம், தோசைக்கல் வேண்டாம், தீப்பெட்டிகூட வேண்டாம். காஞ்சிபுரத்து வெயில் போதும். அதை ஆண்டவன் நமக்கு அளந்தா கொடுத்திருக்கிறான்?

எல்லாம் சின்னவளால் வந்தது. ஏழாவது படிக்கிறாள். பால் சேர்த்த எதைச் சாப்பிட்டாலும் வயிறு உப்பி, அன்று ராத்திரி தூக்கம் போய்விடும். பாலில் இருக்கிற லாக்டோஸ் அவளுக்குச் செரிக்கவில்லை என்று டாக்டர் சொன்னார். பால், பால்கோவா, ஐஸ்க்ரீம் எல்லாவற்றையும் நிறுத்தினோம். கடை பிஸ்கட்டில் ஏமாந்தோம். ஒரு பேக்கரியில் "இதுல பாலே இல்லக்கா, சுத்த வீகன்" என்று சத்தியம் செய்து கொடுத்தார்கள். சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் போய் மாவு மூட்டை பக்கத்தில் என்ன இருக்கிறதென்று எட்டிப் பார்த்தால், பால் பவுடர் பை வாய் பிளந்து கிடக்கிறது. அன்றைக்கு முடிவு செய்தேன், இனி என் கையால் செய்ததுதான்.

ஆனால் கத்திரி வெயிலில் பிள்ளையார்பாளையத்து ஓட்டு வீட்டில் அடுப்பு முன்னால் நிற்பதென்றால் சும்மா இல்லை. காலையில் சோறு, குழம்பு ஆனதும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவிடத்தான் தோன்றும். எங்கள் வீட்டுக்காரருக்காவது பரவாயில்லை, குழித்தறி. கால் இரண்டும் குழிக்குள் ஜில்லென்று இருக்கும். எனக்கு எந்தக் குழி இருக்கிறது? அப்படிப் புலம்பிக்கொண்டே செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்தாள். முந்திரி, பேரீச்சம்பழம், கோகோ, தேங்காயெண்ணெய் எல்லாவற்றையும் அரைத்து, உருட்டி, தட்டி, ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தாள். பச்சையாகவே குக்கீஸ் ரெடி என்று கையைத் தட்டினாள். அட, இவ்வளவுதானா!

இவ்வளவுதான் இல்லை. அவள் ஊரில் தேங்காயெண்ணெய் வெண்ணெய் மாதிரி உறைந்து நிற்கும். தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே இளகிவிடும் சமாச்சாரம். நம் ஊரில் அது மார்கழி விடியற்காலையில் மட்டும்தான் கெட்டி. சித்திரையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த என் குக்கீஸ், சமையலறையிலிருந்து தறி மேடைக்குப் போவதற்குள் தட்டில் குளம் கட்டிவிட்டது. அவர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, துண்டில் கையைத் துடைத்ததாக நினைத்துக்கொண்டு நாடாவைத் தொட்டார். அரக்கு நிறப் பட்டு. கல்யாண ஆர்டர். சேலையின் உடம்பில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு எண்ணெய்ப் பொட்டு.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நாடாவைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகப் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து அப்படியே கொட்டி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் மெல்லிய பிரஷால் தட்டியெடுத்தேன். காமாட்சி புண்ணியத்தில் எண்ணெய் முழுக்கப் பவுடருக்கு ஏறிவிட்டது. "இனிமே அந்த வஸ்துவத் தறி பக்கம் கொண்டாராத" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார்.

நெசவாளி வீட்டுப் பலகாரத்துக்கு இதுதான் முதல் சட்டம். கையில் ஒட்டக்கூடாது, எண்ணெய் கக்கக்கூடாது.

அத்தை அதுவரை திண்ணையில் உட்கார்ந்து பாவு பிணைத்துக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "அடுப்பு மூட்டாத பலகாரம்னு இன்னாத்துக்கு வெள்ளக்காரிய தேடிக்கினு கீற? ஆடி மாசம் நாம மாவெளக்குப் போடறமே, அதுக்கு எந்த அடுப்புல நெருப்பு வெச்ச?"

எனக்குச் சுரீர் என்றது. ஆமாம்! பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி, ஈரப்பதம் லேசாக இருக்கும்போதே உரலில் இடித்து, சலித்து, வெல்லமும் ஏலக்காயும் போட்டுப் பிசைந்து, நடுவில் குழி செய்து நெய்யூற்றித் திரி ஏற்றுகிறோம். மாவு வேகவே வேகாது. அப்படியே பச்சையாகத்தான் சாப்பிடுகிறோம். திரி எரிந்த இடத்தில் மட்டும் காசளவுக்கு மாவு சிவந்து, நெய்யில் கருகி, ஒரு வாசனை வரும். அந்தக் காசளவுக்காக நானும் என் தம்பியும் அடித்துக்கொண்ட அடி இருக்கிறதே! மாரியம்மனுக்குப் படைக்கிற துள்ளுமாவும் இதே கதைதான். பானகத்துக்கு அடுப்பு உண்டா? பழனி பஞ்சாமிர்தத்துக்கு உண்டா? வாழைப்பழத்தையும் பேரீச்சையையும் சர்க்கரையோடு பிசைகிற வேலைதானே அது. அதற்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, நம் பட்டுச்சேலைக்குக் கிடைத்த மாதிரி.

இன்னொன்று சொல்கிறேன், கேட்டால் காஞ்சிபுரத்துக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். கிழவன் வேடத்தில் வந்து பசிக்கிறது என்று நின்ற முருகனுக்கு, தினைப்புனத்தில் வள்ளி என்ன கொடுத்தாள்? தேனும் தினைமாவும். காட்டில் ஏது அடுப்பு? இடித்த மாவு, எடுத்த தேன், பிசைந்தால் பலகாரம். அந்தக் கதையைச் சொல்கிற கந்தபுராணத்தைக் கச்சியப்ப சிவாச்சாரியார் எழுதி அரங்கேற்றியது எங்கே? எங்கள் குமரகோட்டத்தில். காமாட்சியம்மன் கோயிலுக்கும் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் நடுவே இருக்கிறதே, அதே கோயில். வாராவாரம் செவ்வாய்க்கிழமை சுற்றி வருகிறேன், எனக்கு உறைக்கவில்லை பாருங்கள். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு வெள்ளைக்காரியிடம் ரெசிப்பி கேட்டேனே!

அன்றைக்கே கோகோவைத் தூக்கிப் போட்டுவிட்டு தினை வாங்க ராஜாஜி மார்க்கெட் பக்கம் போனேன்.

இப்போது அளவு சொல்கிறேன். 25 பிஸ்கட் வரும். தினை 100 கிராம், பாதாம் 100 கிராம், கொட்டை எடுத்த நல்ல மெத்தென்ற பேரீச்சம்பழம் 200 கிராம், உலர்ந்த அத்திப்பழம் ஆறு, ஒரு மூடித் தேங்காயின் துருவல், கருப்பு எள் இரண்டு கரண்டி, நல்ல தேன் ஒரு கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவே. பாதாம் விலை கட்டுப்படியாகாது என்றால் பாதிக்குப் பாதி வேர்க்கடலை போடலாம். வறுக்காத கடலையில் ஒரு பச்சை வாடை அடிக்கும். எங்கள் வீட்டில் அத்தைக்கு அது பிடிக்கும், எனக்குப் பிடிக்காது.

அத்திப்பழம் சேர்த்தது என் சொந்தக் கைவரிசை. 2019-ல் அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்திவரதர் எழுந்தருளி 48 நாள் தரிசனம் தந்தபோது, எங்கள் தெரு வழியாக ஜனவெள்ளம் போனது நினைவிருக்கிறதா? வாசலில் அண்டா வைத்து நீர்மோர் ஊற்றிக் கை ஓய்ந்துபோனோம். அந்த வருஷத்திலிருந்து அத்தி என்றாலே எனக்கு ஒரு பாசம். வரதர் நாட்டு அத்தி மரத்தால் ஆனவர், கடையில் மாலையாகக் கோத்துத் தொங்குவது சீமை அத்தி, இரண்டும் வேறு என்று எனக்கும் தெரியும். இருக்கட்டுமே, அத்தி அத்திதான்! கடிக்கும்போது அந்தக் குட்டி விதைகள் நறநறவென்று பல்லில் படும் பாருங்கள், அந்தச் சுகத்துக்குக் கடையில் எந்த பிஸ்கட்டும் ஈடில்லை.

தினையைக் கல் அரித்து, நாலைந்து தண்ணீரில் கழுவி, இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, வேட்டித்துணியில் பரப்புங்கள். மாவிளக்குக்கு ஈரத்தோடு இடிப்போம். இதற்கு அப்படிச் செய்யாதீர்கள், இரண்டாம் நாள் புளித்த வாடை வந்துவிடும். சுக்காகக் காயட்டும். பிறகு மாவாக்கிச் சலித்துக்கொள்ளுங்கள். பாதாமை ராத்திரி ஊறவைத்தால் காலையில் தோல் கழன்று வரும், துவர்ப்பும் போய்விடும். அதையும் வெயிலில் போடுங்கள். தேங்காய்த் துருவலுக்கு அரைநாள் வெயில். எள்ளைக் கழுவிக் காயவைக்க வேண்டும். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், வறுக்காத எள்ளில் அந்தப் பொரிந்த வாசனை வரவே வராது. முதல் தரம் வாயில் போட்டதும் என்னவோ குறைகிறதே என்று இருந்தது.

குறைந்தது என்ன என்று கண்டுபிடித்த நாளை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். வரதராஜப் பெருமாள் கோயிலில் குடலை இட்லி பிரசாதம் கிடைத்தது. மூங்கில் குடலையில் மந்தாரை இலையைப் பரப்பி மாவை ஊற்றி வேகவைத்து, உலக்கை மாதிரி நீளமாக எடுத்துத் துண்டு போடுவார்களே, அதேதான். வாயில் போட்டதும் சுக்கும் மிளகும் சீரகமும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்தன. அடடா! அப்படியே ஓடிவந்து, சுக்குப்பொடி அரை ஸ்பூன், மிளகு பத்து, சீரகம் அரை ஸ்பூன் எடுத்து அம்மியில் கொரகொரவென்று நசுக்கிப் பிசைந்த மாவில் போட்டேன். பெருமாளே! பேரீச்சையின் அந்தத் திகட்டுகிற இனிப்பு இருக்கிறதே, அதன் காதைப் பிடித்துத் திருகி உட்காரவைத்துவிட்டது மிளகு. முதலில் இனிப்பு, நடுவில் தேங்காய், விழுங்கிய பிறகு தொண்டையில் சுக்கின் சூடு. கோயில் இட்லியில் நெய்யும் தயிரும் உண்டு, சின்னவளுக்கு ஆகாது. இப்போது அந்த வாசனை மட்டும் அவளுக்கும் கிடைக்கிறது. சாப்பிட்டுவிட்டு அவள் சொன்னாள், "அம்மா, இது கோயில் வாசனை."

பிசைவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாதாமை மிக்ஸியில் விட்டு விட்டுத்தான் ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் ஜாடி சூடேறி, பருப்பிலிருந்து எண்ணெய் பிரிந்து, களிம்பு மாதிரி ஆகிவிடும். பிறகு பிஸ்கட் எண்ணெய் கக்கும், பட்டில் பொட்டு விழும், என் கதைதான். பேரீச்சையும் அத்தியும் மிக்ஸிக்கே போகக்கூடாது, உரலில் இடியுங்கள். உரல் இல்லாதவர்கள் பொடிப்பொடியாக நறுக்கி உள்ளங்கையால் தேய்த்துப் பிசைந்தால் போதும். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, தேனை ஊற்றி அழுத்திப் பிசைந்தால், முதலில் உதிரும், பொறுமை போய்விடும், இன்னும் கொஞ்சம் தேன் ஊற்றலாமா என்று கை துறுதுறுக்கும். ஊற்றாதீர்கள்! இன்னும் ஐந்து நிமிஷம் அழுத்துங்கள். திடீரென்று பேரீச்சை இளகி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அந்த நொடி கையிலேயே தெரியும்.

எலுமிச்சை அளவுக்கு உருட்டி, மந்தாரை இலையில் வைத்து டவரா அடியால் ஒரு தட்டு. இத்தோடு விட்டிருந்தால் நான் காஞ்சிபுரத்துக்காரியா? முள்கரண்டியால் கோடு போடுவது வெள்ளைக்காரி வழக்கம். எங்கள் வீட்டில் முறுக்கு அச்சு இருக்கிறது, ஸ்பூன் முனை இருக்கிறது. ஓரம் முழுக்க ஸ்பூன் முனையால் முக்கோணம் முக்கோணமாக அழுத்தினால் பட்டுச்சேலையின் கோபுரக் கரை. அச்சின் ஓட்டைகள் பதிய அழுத்தினால் மயில்கண். மிளகை நடுவில் பதித்தால் ருத்ராட்சம். சின்னவள் தாழம்பூ ரேக்கே போட்டுவிட்டாள். எங்கள் வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்து, "ரேக்கு கோணலா கீது" என்று குற்றம் வேறு கண்டுபிடித்தார். தறிக்காரர் கண்ணுக்கு பிஸ்கட்டிலும் கரை நேராக இருக்க வேண்டும்!

இனி வெயில். காலை எட்டு மணிக்கு மொட்டைமாடியில், வடாம் காயவைக்கிற மாதிரி. வெறும் தரையில் வைக்காதீர்கள், மே மாதத்தில் அந்தத் தரை வெறுங்காலை வைக்க விடாது. முக்காலிமேல் தட்டு, தட்டின்மேல் மெல்லிய வெள்ளைத்துணி. முக்காலியின் மூன்று காலும் மூன்று கிண்ணத் தண்ணீரில் நிற்க வேண்டும். காக்கையைத் துரத்தலாம், அணிலைக்கூட மிரட்டலாம், எறும்பிடம் உங்கள் ஜம்பம் எதுவும் பலிக்காது. முதல் தட்டு முழுவதையும் எறும்புக்குப் படைத்துவிட்டுத்தான் இந்தக் கிண்ண ஞானம் எனக்கு வந்தது. மதியம் ஒரு தரம் திருப்பிப் போட்டு, சாயங்காலம் உள்ளே எடுத்து, மறுநாள் இன்னொரு வெயில். மேலே மொறுமொறுப்பாக ஒரு தோல் கட்டும், உள்ளே மெத்தென்று இருக்கும். ஓவனில் இந்த மேல் மொறுப்பும் உள் மென்மையும் வரவழைக்கப் பெரிய பெரிய ஆட்கள் படாதபாடு படுகிறார்களாம். நமக்குச் சூரியன் சும்மா செய்துகொடுத்துவிட்டுப் போகிறார்.

இந்த இடத்தில் 'பச்சை உணவு' கட்சிக்காரர்கள் என்னைப் பிடிப்பார்கள். 48 டிகிரிக்கு மேல் சூடானால் அது பச்சை இல்லை என்பது அவர்களில் பலரின் கணக்கு. சிலர் 42 என்பார்கள். என் முக்காலியில் எத்தனை டிகிரி என்று நான் அளக்கவில்லை, அளக்கப்போவதும் இல்லை. ஆனால் விஷயம் தெரிந்து செய்வது நல்லது. வெல்லமும் கருப்பட்டியும் காய்ச்சி இறக்கியவை, அதனால்தான் பேரீச்சை. பொட்டுக்கடலை வறுத்தது. அவல், நெல்லை ஊறவைத்துச் சூடேற்றி இடித்தது. கடையில் 'பச்சை முந்திரி' என்று விற்பதும் ஓடு உடைக்குமுன் ஆவியிலோ வறுவலிலோ சூடு கண்டதுதான். இவ்வளவு கறார் உங்களுக்கு வேண்டாம் என்றால் அவலைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், பிரமாதமாக இருக்கும்.

காந்தியே இதில் இறங்கிப் பார்த்தவர்தான். 1929-ல் சமைக்காத உணவை மாதக்கணக்கில் சாப்பிட்டுப் பார்த்து, 'யங் இந்தியா' பத்திரிகையில் எழுதினார். பிறகு உடம்பு ஒத்துழைக்கவில்லை, விட்டுவிட்டார். பசும்பாலை விட்டவர் கடைசியில் ஆட்டுப்பாலில் வந்து நின்ற கதையும் எல்லோருக்கும் தெரியும். நம் பக்கத்தில் மூ.ஆ. அப்பன் தேங்காயையும் பழத்தையும் வைத்தே வாழலாம் என்று ஊர் ஊராகப் பேசினார். சிவசைலம் நல்வாழ்வு ஆசிரமத்தில் இன்றும் இயற்கை உணவு உண்டு. நான் அந்த அளவுக்கெல்லாம் போகமாட்டேன். எனக்கு மதியம் சுடச்சுட வத்தக்குழம்பு வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு டீயோடு கடிக்கத்தான் பச்சை.

உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டு ஒன்றை மறைக்கக்கூடாது. பேரீச்சையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். பருப்பும் எள்ளும் தேங்காயும் எண்ணெய்ப் பண்டங்கள். ஒன்று தின்றால் ஒரு மணி நேரம் பசிக்காது, நாலு தின்றால் எடை கூடும். அத்தைக்குச் சர்க்கரை வியாதி, அதனால் அவருக்குப் பாதி பிஸ்கட் என்பது வீட்டுச் சட்டம். மீதிப் பாதியை அவர் எப்போது எடுக்கிறார் என்று எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறேன். பூஞ்சை பிடித்த கடலை, காறல் வாடை அடிக்கிற பாதாம் இருந்தால் தயவு பார்க்காமல் கொட்டிவிடுங்கள். வேகவைக்காத பண்டத்தில் எதையும் நெருப்பு வந்து காப்பாற்றாது. கையும் பாத்திரமும் சுத்தமாக, ஈரமில்லாமல் இருக்கட்டும். நன்றாகக் காய்ந்தது வெளியில் ஐந்து நாள் தாங்கும், ஃபிரிட்ஜில் இரண்டு வாரம். எங்கள் வீட்டில் மூன்றாம் நாளே சம்படம் காலி, அதற்குமேல் சோதித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கவில்லை.

தறி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வெயில் காய்ந்த பிஸ்கட்டை மந்தாரை இலைத் துண்டில் வைத்துத் தறி மேடைக்குக் கொண்டுபோனேன், கொஞ்சம் பயந்துகொண்டேதான். அவர் இலையோடு பிடித்துக் கடித்தார். விரலை ஒரு வெள்ளைத்தாளில் அழுத்திப் பார்த்தார். தாளில் எதுவும் இல்லை. இன்னொரு விரலை அழுத்தினார். அதிலும் இல்லை. "இன்னொண்ணு கொடு" என்றார். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் நான் செய்த எந்தப் பலகாரத்துக்கும் இப்படி ஒரு பரிசோதனை நடந்ததில்லை, இப்படி ஒரு சர்டிஃபிகேட்டும் கிடைத்ததில்லை!

அத்தை மட்டும் இன்னும் அதை பிஸ்கட் என்று சொல்வதில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால், "மாவெளக்குதான், எங்க மருமவ தட்டையா தட்டிட்டா" என்கிறார். சொல்லட்டும். நீங்களும் செய்யப்போகிறீர்கள் என்றால், தேனும் பால் மாதிரி ஒரு ஜீவனிடமிருந்து எடுத்ததுதானே என்று நினைக்கிறவர்கள் அதை விட்டுவிட்டு இன்னும் இரண்டு அத்திப்பழம் சேர்த்துக்கொள்ளுங்கள், பிடிமானம் குறையாது. ஒன்று மட்டும் சொல்கிறேன், தள்ளிப்போடாதீர்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தை வரைக்கும் மொட்டைமாடியை நம்ப முடியாது. இன்று ராத்திரியே பாதாமை ஊறப்போடுங்கள்.